வின்செஸ்டர் வீதிகளில் ஒரு மழை நாள்

மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "லண்டன் பார்த்தாச்சா?" என்பதுதான். பார்த்தோம். அரண்மனை வாசலில் காவலர்கள் மாறுவதைப் பார்த்தோம், தேம்ஸ் நதிப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதையெல்லாம் நம் சங்கத்து அன்பர்கள் பலர் ஏற்கெனவே இந்தப் பக்கங்களில் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது நம்மவர்கள் அதிகம் போகாத ஒரு சிறிய ஊரைப் பற்றி. அதன் பெயர் வின்செஸ்டர்.

மகள் இருப்பது சௌதாம்ப்டனில். அங்கிருந்து ரயிலில் இருபது நிமிடம். நம் தில்லிக் கணக்கில் சொன்னால் ராமகிருஷ்ணபுரத்திலிருந்து கரோல்பாக் போய்ச் சேருவதற்குள் அங்கே போய்த் திரும்பியே வந்துவிடலாம். ஜூலை 15ஆம் தேதி, நான், என் மனைவி, மகள், ஒன்பது வயதுப் பேரன் ஆக நான்கு பேர் புறப்பட்டோம். வானம் மூடிக் கிடந்தது. "இன்று ஸ்விதன் முனிவர் நாள் அப்பா. இன்று மழை பெய்தால் நாற்பது நாள் விடாமல் பெய்யும் என்று இங்கே சொல்வார்கள்" என்றாள் மகள், குடைகளை எண்ணி எடுத்துக்கொண்டே. அந்த முனிவர் வின்செஸ்டர்க்காரர்தான் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் அரசாங்கக் கட்டட இலாகாவில் ஜூனியர் என்ஜினீயராகச் சேர்ந்து, அந்த உத்தியோகத்திலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் அஸ்திவாரத்தைக் குனிந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. "சாமி கும்பிட வந்தீங்களா, சுவர் பார்க்க வந்தீங்களா?" என்று என் மனைவி பல கோயில்களில் கேட்டிருக்கிறாள். அந்தப் புத்திக்கு வின்செஸ்டரைப் போல ஏற்ற ஊர் வேறு இல்லை.

ஆல்ஃப்ரெட் ராஜாவின் ஊர்

ஊரைச் சுற்றிக் காட்ட வழிகாட்டிகள் இருக்கிறார்கள். சுமார் ஒன்றரை மணி நேரம் நடத்தியே அழைத்துப் போகிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சின்னக் குரல், ஆனால் வகுப்பறையில் பழகிய குரல். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

நடை ஆரம்பித்தது பிராட்வே என்ற அகன்ற வீதியில், ஆல்ஃப்ரெட் மன்னரின் வெண்கலச் சிலைக்கு அடியில். 871 முதல் 899 வரை வெஸெக்ஸ் நாட்டை ஆண்டவர். கடல் தாண்டி வந்த டேனியர்களைத் தடுத்து நிறுத்தியவர். லத்தீன் நூல்களை மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். ரோமானியர் காலத்துக்குப் பிறகு பாழடைந்து கிடந்த இந்த ஊருக்குப் புதிதாகத் தெருக்கள் போட்டதும் அவர் காலத்தில்தான். நடுவில் ஒரு பெரிய வீதி, அதற்குக் குறுக்கே வரிசையாகச் சிறிய தெருக்கள் என்ற அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. பதினொரு நூற்றாண்டு பழைய தெருவில் இன்று செல்போன் கடை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இந்தச் சிலையை வைத்தது 1901இல், மன்னர் இறந்த ஆயிரமாவது ஆண்டு என்று கொண்டாடி. ஆனால் அவர் இறந்தது 899 என்பதுதான் இப்போது ஏற்கப்பட்ட கணக்கு. ஊருக்கே பெரியவரின் தேதியில் இரண்டு வருடம் பிசகிவிட்டது" என்று சொல்லிச் சிரித்தார் வழிகாட்டி. அவருடைய எலும்புகளும் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. அவரை அடக்கம் செய்திருந்த ஹைட் மடம் 1538இல் எட்டாம் ஹென்றியின் உத்தரவால் மூடப்பட்டது. பின்னாளில் அந்த இடத்தில் சிறைச்சாலை கட்டியபோது கல்லறைகள் கலைந்துபோயின. அங்கே கிடைத்து, அருங்காட்சியகப் பெட்டியில் வெகுநாள் கிடந்த ஓர் இடுப்பெலும்புத் துண்டு ஆல்ஃப்ரெட்டினுடையதாகவோ அவர் மகன் எட்வர்டினுடையதாகவோ இருக்கலாம் என்று 2014இல் அறிவித்தார்கள். அது யாருடையது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

பெரிய வீதியில் மேற்கு நோக்கி நடந்தோம். வழியில் வெண்ணெய்ச் சிலுவை என்ற பொருளில் 'பட்டர் கிராஸ்' என்று அழைக்கப்படும் கல் மண்டபம். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூம்புகளும் சிறு சிலைகளுமாக ஒரு தேரின் மேற்பகுதியைக் கழற்றி வைத்ததுபோல இருக்கிறது. 1770இல் நகரத்தார் இதை ஒரு பணக்காரருக்கு விற்றுவிட்டார்கள். தன் தோட்டத்தில் அலங்காரமாக வைத்துக்கொள்ள நினைத்த அவர், பிரித்தெடுக்க ஆட்களை அனுப்பினார். ஊர் மக்கள் திரண்டு வந்து அந்த ஆட்களை விரட்டியடித்துவிட்டார்கள். இன்றும் அதன் படிகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிடுகிறார்கள்.

இன்னும் கொஞ்சம் மேலே போனால், வீதிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கடிகாரம். அந்தக் கட்டடத்திலிருந்து தினமும் இரவு 8 மணிக்கு ஊரடங்கு மணி அடிக்கிறார்களாம். நெருப்பை அணைத்துவிட்டுப் படுங்கள் என்று நார்மன் அரசர்கள் காலத்தில் அடித்த மணி. இப்போது யாரும் அதைக் கேட்டு அடங்குவதில்லை. ஆனாலும் அடிப்பதை நிறுத்தவில்லை.

வீதியின் மேல் முனையில் கோட்டையின் எஞ்சிய பகுதியான பெரிய மண்டபம் இருக்கிறது. மூன்றாம் ஹென்றி 1222 முதல் 1235க்குள் கட்டியது. நீளம் 110 அடிக்குச் சற்று மேல், அகலம் 55, உயரம் 55. இரண்டு கனசதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கணக்கு. கட்டியவர் யாரோ, அவருக்குக் கணக்கில் நாட்டம் இருந்திருக்கிறது. மேற்குச் சுவரில் தொங்குகிறது, ஆர்தர் ராஜாவின் வட்ட மேசை என்று பெயர் பெற்ற ஓக் மரப் பலகை. குறுக்களவு 18 அடி, எடை 1,200 கிலோ. பேரன் வாயைப் பிளந்து நின்றான். ஆனால் 1970களில் மரத்தைச் சோதித்துப் பார்த்ததில் அது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்யப்பட்டது என்று தெரிந்துவிட்டது. அதாவது ஆர்தர் கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூறு வருடம் பிந்தியது. அதன் மேல் வண்ணம் தீட்டச் செய்தவர் எட்டாம் ஹென்றி. அதில் உட்கார்ந்திருக்கும் ஆர்தரின் முகம் இளம் வயது ஹென்றியின் சாயலில் இருக்கிறது. பணம் கொடுத்தவர் முகத்தைச் சாமி முகமாக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

கோபுரம் இல்லாத பேராலயம்

மண்டபத்திலிருந்து பேராலயத்துக்குத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. லிண்டன் வகையைச் சேர்ந்த பெரிய மரங்களின் வரிசை வழியாக, குடையும் கையுமாகப் போனோம். முதல் பார்வையில் என் மனைவிக்கு ஏமாற்றம். "இவ்வளவு பெரிய கோயில், கோபுரத்தை மட்டும் பாதியில் நிறுத்தின மாதிரி இருக்கே" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நீளம் 558 அடி. ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களிலேயே மிக நீளமானது என்கிறார்கள். ஆனால் நடுக் கோபுரம் குட்டை. 1079இல் வாக்கெலின் என்ற நார்மன் ஆயர் கட்டத் தொடங்கி, 1093இல் வழிபாட்டுக்குத் திறந்தார். 1107இல் நடுக் கோபுரம் சரிந்து விழுந்தது. கொடுங்கோலன் என்று பெயரெடுத்த வில்லியம் ரூஃபஸ் மன்னரை அதன் அடியில் புதைத்ததுதான் காரணம் என்று அக்காலத்தவர் சொன்னார்கள். என்ஜினீயர்கள் கேட்டால் மண்ணைத்தான் குற்றம் சொல்வோம். மறுபடி கட்டியவர்கள் பயந்துபோய்த் தூண்களைப் பருமனாக்கி, கோபுரத்தைக் குட்டையாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

கட்டுவதற்கு மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. "நாலு நாளில் எவ்வளவு வெட்ட முடியுமோ அவ்வளவு எடுத்துக்கொள்" என்று அரசர் ஒரு காட்டைக் காட்டினாராம். ஆயர் ஊரிலுள்ள ஆட்களையெல்லாம் திரட்டி நாலே நாளில் காட்டையே மொட்டையடித்துவிட்டாராம். அரசர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார் என்பது கதையின் முடிவு.

உள்ளே போனதும் என் மனைவியின் ஏமாற்றம் பறந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் கல் தூண்கள் தென்னை மரங்கள் போல் மேலே போய், உச்சியில் ஓலை விரிவதுபோல விரிந்து கூரையாகின்றன. இதைச் செய்தது 14ஆம் நூற்றாண்டில். விக்கமின் வில்லியம் என்ற ஆயரும் வில்லியம் வின்ஃபர்ட் என்ற தலைமைக் கொத்தரும் பழைய நார்மன் தூண்களை எல்லாம் இடித்துத் தள்ளவில்லை. பல இடங்களில் நின்ற நிலையிலேயே உளியால் செதுக்கி மெல்லிய வரிகளாக்கிவிட்டார்கள். பக்கவாட்டுச் சிறகுகளில் மட்டும் பழைய நார்மன் வேலை அப்படியே இருக்கிறது. அங்கே அரைவட்ட வளைவு, இங்கே கூர்வளைவு. அரைவட்ட வளைவில் அகலம் எவ்வளவோ அதில் பாதிதான் உயரம், மாற்ற வழியில்லை. கூர்வளைவில் அகலம் குறைந்தாலும் உயரத்தைக் கூட்டலாம். பாரம் பக்கவாட்டில் தள்ளுவது குறைந்து கீழ்நோக்கி இறங்கும். சுவரைக் குறைத்து ஜன்னலைப் பெரிதாக்கலாம். புத்தகத்தில் படித்த இந்தப் பாடத்தை ஒரே கட்டடத்தில் இருபது அடி நடந்து பார்த்துவிடலாம்.

மேற்கு ஜன்னலை அவசியம் சொல்ல வேண்டும். 1642இல் உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையினர் உள்ளே புகுந்து வண்ணக் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். சண்டை ஓய்ந்து மன்னராட்சி திரும்பிய பிறகு, சில்லுகளை எடுத்து மேற்கு ஜன்னலில் பதித்தார்கள். எந்தச் சில்லு எந்த உருவத்தைச் சேர்ந்தது என்று தெரியாததால் கிடைத்தபடி வைத்துவிட்டார்கள். ஒரு மூலையில் யாரோ ஒரு முகம், இன்னொரு மூலையில் ஒரு கை, நடுவில் வெறும் நீலமும் சிவப்பும். ஒரு கதையும் அதில் படிக்க முடியாது. ஆனால் மழை சற்று விட்டு வெளிச்சம் அதன் வழியே விழுந்தபோது எங்கள் கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

அதே படையினர்தான் பழைய மன்னர்களின் எலும்புப் பெட்டிகளையும் கவிழ்த்தார்கள். எலும்புகள் கலந்துபோய், மறுபடி ஆறு பெட்டிகளில் அள்ளிப் போடப்பட்டன. சமீப காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்து, குறைந்தது 23 பேருடைய எலும்புகள் இருப்பதாக 2019இல் தெரிவித்தார்கள். அவற்றில் ஒரு பெண்மணியின் எலும்புகள் எம்மா மகாராணியுடையதாக இருக்கலாமாம். பெட்டிகளின் மேல் எழுதியிருக்கும் பெயர்களை நம்பிப் பயனில்லை.

வடக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு கறுப்புக் கல். ஜேன் ஆஸ்டின் என்ற நாவலாசிரியை 1817 ஜூலை 18இல், 41 வயதில், இந்த ஊரில் காலேஜ் தெருவில் ஒரு வாடகை வீட்டில் இறந்துபோனார். மருத்துவத்துக்காக வந்தவர். கல்லில் அவருடைய நல்ல குணம், பொறுமை, தெய்வபக்தி எல்லாம் விரிவாக எழுதியிருக்கிறது. அவர் கதை எழுதினார் என்று நேராக ஒரு வார்த்தை இல்லை. கல்லூரியில் அவருடைய நாவலைப் பாடமாகப் படித்த என் மகளுக்கு இதில் தாங்க முடியாத கோபம். "அப்புறம் சேர்த்துவிட்டோம்" என்று சுவரில் 1872இல் பதித்த பித்தளைத் தகட்டைச் சமாதானமாகக் காட்டினார் வழிகாட்டி. அவர் இறந்து 55 வருடம் கழித்து.

தண்ணீருக்கு அடியில் ஆறு வருடம்

பேராலயத்தின் அடியில் ஒரு நிலவறை. குளிர்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி அங்கே தேங்கி நிற்குமாம். நாங்கள் போனபோது உலர்ந்திருந்தது. ஆண்டனி கோர்ம்லி என்ற சிற்பி 1986இல் செய்த ஈய மனிதன் ஒருவன் அந்த இருட்டில் தனியாக நின்று, குவித்த தன் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். தண்ணீர் ஏறினால் அவன் கால்கள் மறைந்துவிடுமாம். இந்தத் தண்ணீர்தான் பேராலயத்தையே விழுங்கப் பார்த்தது.

ஊர் இட்சென் ஆற்றங்கரையில் இருக்கிறது. மேலே மண், அதற்குக் கீழே மக்கிய தாவரங்கள் படிந்த கறுப்புச் சேறு, அதற்கும் கீழேதான் கெட்டியான சரளைக்கல் படுகை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குப் பகுதியை நீட்டிக் கட்டியவர்கள் சரளை வரை தோண்ட முடியாமல், சேற்றின் மேல் பீச் மரக் கட்டைகளைப் பரப்பி அதன் மேல் கல் கட்டினார்கள். 700 வருடம் தாங்கியதே பெரிது. 1905 வாக்கில் சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்து, விரிசல்கள் பெருகி, கற்கள் உதிர ஆரம்பித்தன. கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சனும் என்ஜினீயர் ஃபிரான்சிஸ் ஃபாக்ஸும் வந்து பார்த்தார்கள்.

சுவருக்கு அடியில் துண்டு துண்டாகக் குழி வெட்டி, சரளை வரை போய், புதிய அஸ்திவாரம் போடுவது என்று முடிவாயிற்று. ஆனால் சேற்றைத் தாண்டியதும் தண்ணீர் குபுகுபுவென்று குழியை நிரப்பியது. பம்பு போட்டு இறைத்தால் தண்ணீரோடு சுவருக்கு அடியிலுள்ள மண்ணும் சேர்ந்து வந்துவிடும். சுவர் இன்னும் இறங்கும். இறைக்கவும் முடியாது, இறைக்காமல் வேலை செய்யவும் முடியாது. கடைசியில் ஃபாக்ஸ் சொன்ன வழி, கடலில் மூழ்கி வேலை செய்யும் ஆளை வரவழைப்பது.

வந்தவர் வில்லியம் வாக்கர். 1906இல் குழிக்குள் இறங்கினார். 1911 வரை இறங்கிக்கொண்டே இருந்தார். உடை, செம்புத் தலைக்கவசம், ஈயம் வைத்த காலணி எல்லாம் சேர்ந்து சுமார் 90 கிலோ. குழிகள் இருபது அடி ஆழம் வரை. தண்ணீர் சேறு கலந்து கறுப்பாக இருந்ததால் விளக்கு வைத்தும் பயனில்லை. எல்லாம் கையால் தடவிப் பார்த்துத்தான். தினமும் ஆறு மணி நேரம் போல அடியில் இருந்துகொண்டு, சேற்றை அகற்றி, கான்கிரீட் மூட்டைகளைச் சரளை மேல் அடுக்கி, மூட்டையைக் கிழித்துவிடுவார். அது இறுகி, கீழிருந்து வரும் தண்ணீரை அடைத்துவிடும். அதன் பிறகு தைரியமாகத் தண்ணீரை இறைக்கலாம். கொத்தர்கள் இறங்கிக் கான்கிரீட் கட்டிகளும் செங்கல்லும் வைத்துச் சுவரின் அடியோடு சேர்த்துக் கட்டுவார்கள். இப்படி 235 குழிகள். மொத்தம் சுமார் 25,000 மூட்டை கான்கிரீட், 1,15,000 கான்கிரீட் கட்டிகள், 9 லட்சம் செங்கல். உடையைக் கழற்றி மாட்ட நேரமாகும் என்பதால் இடைவேளையில் தலைக்கவசத்தை மட்டும் எடுத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து புகைக்குழாய் பிடிப்பாராம்.

1912 ஜூலை 15, ஸ்விதன் நாளன்று நன்றி வழிபாடு நடந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திருந்தார். தில்லி தர்பாரில் நம் தலைநகரை மாற்றி அறிவித்துவிட்டுப் போய் ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வாக்கருக்கு விருது கிடைத்தது. 1918இல் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சலில் அவர் இறந்துபோனார்.

"1964இல் அவருக்கு இங்கே ஒரு சிறிய சிலை வைத்தோம்" என்றார் வழிகாட்டி. "சிற்பிக்குக் கொடுத்த புகைப்படத்தில் ஆள் மாறிவிட்டது. மூழ்குபவரின் உடைக்கு மேல் என்ஜினீயர் ஃபாக்ஸின் முகம் வந்துவிட்டது. அதைத் திருத்திப் புதிய சிலை வைத்தது 2001இல்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேரன் கேட்ட கேள்வி

சுவருக்கு அடியில் குழி வெட்டி அஸ்திவாரம் போடும் வேலையை நானும் செய்திருக்கிறேன். 1978 செப்டம்பரில் யமுனை பெருகித் தில்லியில் வெள்ளம் வந்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடத்தின் பின் சுவர் இறங்கி விரிசல் விட்டது. எனக்கு அப்போது 25 வயது. கையில் வரைபடமும் தலையில் கர்வமுமாக நின்றேன். வேலை செய்தவர்கள் எல்லாம் நம்மவர்கள், சேலம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். அவர்களில் ஐம்பது வயது தாண்டிய ஒருவர் எப்போதும் முதலில் குழியில் இறங்குவார். காலால் மிதித்தே கெட்டி மண் வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் குழியில் தண்ணீர் ஊறியது. நான் பம்பு போடச் சொன்னேன். அவர் உள்ளே நின்றபடி தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "வேணாம் சார். தண்ணி மண்ணை அள்ளிக்கிட்டு வருது. பம்பை நிறுத்தி எல்லாரையும் மேல ஏத்துங்க" என்றார். நான் கோபித்தேன். வேலை நாள் வீணாகிறது என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. தானே ஆட்களை அதட்டி மேலே ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினார். அரை மணி நேரத்தில் குழியின் ஒரு பக்கம் முழுதும் சரிந்து விழுந்தது. உள்ளே ஒன்பது பேர் இருந்திருப்பார்கள்.

ஃபாக்ஸ் கண்டுகொண்டதை அவரும் கண்டுகொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கூலிப் பதிவேட்டில் கட்டைவிரல் ரேகைதான்.

வேலை முடிந்து சிறிய விழா நடந்தது. சுவரில் பதித்த கல்லின் வாசகத்தை எழுதிக் கொடுத்தது நான். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், அதிகாரிகள் எல்லோர் பெயரையும் பதவி வரிசை பிசகாமல் எழுதினேன். பாராட்டும் கிடைத்தது. அந்த மனிதரைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை.

இதை அங்கேயே, வாக்கரின் சிறிய சிலைக்கு முன்னால் நின்று, பேரனுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து சொன்னேன். அவன் முழுதும் கேட்டுவிட்டு, "தாத்தா, அவங்க பேர் என்ன?" என்றான்.

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. முகம் தெரிகிறது. இடது புருவத்தில் இருந்த தழும்பு தெரிகிறது. குரல் கேட்கிறது. பெயர் மட்டும் இல்லை. இத்தனை வருடமாக அது என்னிடம் இல்லை என்பதே அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. "நம்ம வீட்டுக்கு ஒரு தடவை ஆற்றங்கரையில் விளைந்த பறங்கிக்காய் கொண்டுவந்தாரே, அவர்தானே?" என்றாள் என் மனைவி. அவளுக்கும் பெயர் நினைவில்லை.

தவறான முகத்தோடாவது இங்கே ஒரு சிலை வைத்தார்கள். முப்பத்தேழு வருடம் கழித்தாவது திருத்தினார்கள். வாக்கரோடு வேலை செய்த நூற்றுக்கு மேற்பட்ட கூலியாட்களின் பெயர்களை நானும் அங்கே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் என் கணக்கில் அந்த ஒரு பெயர் பாக்கி.

வழிப்போக்கர் ரொட்டி

மாலையில் மழை விட்டது. கிங்ஸ்கேட் என்ற பழைய கோட்டை வாசல் வழியாக வெளியே வந்தோம். அந்த வாசலின் தலைக்கு மேலேயே ஒரு குட்டி தேவாலயம், அதே ஸ்விதன் முனிவர் பெயரில். காலேஜ் தெருவில் ஆஸ்டின் இறந்த வீட்டையும், 1382இல் விக்கம் ஆயர் நிறுவிய பள்ளிக்கூடத்தையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு, ஆற்றோரப் புல்வெளி வழியாக ஒரு மைல் நடந்தோம். 1819இல் கீட்ஸ் என்ற கவிஞர் தினமும் நடந்த வழி இது.

வழியின் முடிவில் செயின்ட் கிராஸ் தர்ம விடுதி. ஹென்றி என்ற ஆயர் 1130களில் ஏழைகளுக்காக நிறுவியது. இன்றும் முதியவர்கள் சிலர் கறுப்பு அல்லது சிவப்பு அங்கியோடு அங்கே வசிக்கிறார்கள். வாசலில் போய் வழிப்போக்கர் என்று கேட்டால், யாராக இருந்தாலும் ஒரு துண்டு ரொட்டியும் கொம்புக் குவளையில் கொஞ்சம் பார்லி மதுவும் தருகிறார்கள். மதுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரொட்டியை நான்கு பேரும் பிட்டுக்கொண்டோம். "நம்ம ஊர்ச் சத்திரம் மாதிரி" என்றாள் என் மனைவி. யார், எந்த ஊர் என்று அங்கே யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு டிரங்குப் பெட்டியோடு தில்லி ரயில் நிலையத்தில் இறங்கியவனுக்கு அதன் அருமை தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். காலையிலேயே போய்விடுங்கள், ஒரு முழு நாள் வேண்டும். பேராலயத்துக்குள் போகக் கட்டணம் உண்டு. கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும், நல்ல காலணி அவசியம். ஸ்விதன் முனிவரை நம்பாவிட்டாலும் குடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1978 கடைசியில், வெள்ளத்துக்குப் பிறகு, தில்லியில் கட்டட வேலை செய்த சேலம் பக்கத்துக் குடும்பங்கள் சில இன்னும் இங்கே இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் சங்கத்துக்கு வருகிறார்கள். அவர்களில் யாருக்காவது, இடது புருவத்தில் தழும்போடு, எப்போதும் முதலில் குழியில் இறங்கிய ஒரு பெரியவரைத் தெரிந்திருந்தால், ஆசிரியர் குழு வழியாக எனக்குத் தெரிவியுங்கள். அவர் இருந்தால் வந்து பார்க்கிறேன். இல்லையென்றால் பெயரையாவது சொல்லுங்கள். பேரன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் கேட்கிறான்.